மெரினா எழுச்சியும் (2017) சமூக ஊடகமும்: களத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

2017 சனவரி 17 முதல் 23 வரை சென்னை மெரினாக் கடற்கரையில் நிகழ்ந்த சல்லிக்கட்டு ஆதரவுப் போராட்டம், சமூக ஊடகம் ஈன்ற இளைஞர் எழுச்சியாகவே பெரிதும் எழுதப்பட்டு வருகிறது. இளைஞர்களைத் திரட்டியதில் சமூக ஊடகத்தின் பங்கை ஏற்கும் இக்கட்டுரை, திரண்ட கூட்டத்தைத் தாங்கி நின்றது கடற்கரையும் அதனை ஒட்டிய மீனவக் குப்பங்களுமே என்பதையும், போராட்டத்தின் இறுதி நாளில் பெருவிலை கொடுத்தவர்கள் அக்குப்பத்து மக்களே என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. இணையப் பதிவுகளை மட்டும் சான்றாகக் கொண்டு அண்மைக்கால வரலாற்றை எழுதுவதில் உள்ள சாய்வும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெரினா, சல்லிக்கட்டு, சமூக ஊடகம், மாணவர் போராட்டம், மீனவக் குப்பங்கள், அண்மைக்கால வரலாறு.

முன்னுரை

2017 சனவரி 17ஆம் நாள் இரவு, சென்னைக் காமராசர் சாலையில் விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே இளைஞர்கள் கூடியிருந்த பகுதியில் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. கூடியிருந்தோர் தத்தம் கைப்பேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்தனர். அவ்வொளிப்புள்ளிகளின் படம் சில மணி நேரத்திற்குள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் தமிழர் வாழும் நாடுகள் எங்கும் பரவியது. அந்த எழுச்சியின் அடையாளமாக இன்றளவும் நினைவில் நிற்பது அப்படமே.

அதே கடற்கரையில் ஆறு நாள் கழித்து எடுக்கப்பட்ட வேறொரு படமும் உண்டு. நடுக்குப்பத்து மீன் அங்காடி எரிந்து கரிந்து கிடப்பதைக் காட்டும் படம் அது. முதற்படம் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் மீண்டும் மீண்டும் பகிரப்படுகிறது. இரண்டாவதை நினைவுகூர்வோர் குறைவு. முதற்படத்தில் காணப்படும் இளைஞர்களையும் இரண்டாவதில் காணப்படும் அங்காடியையும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகளாக வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

சினம் திரண்ட வரலாறு

மெரினா எழுச்சியைக் குறிக்க 'திடீர்' என்னும் அடைமொழி பெருவழக்காக ஆளப்படுகிறது. இது பொருத்தமற்றது. அதற்கு முன்னைய நான்கு ஆண்டுகளில் தமிழக இளைஞர்கள் இணையவெளியில் அரசியல் சினத்தை வெளிப்படுத்தவும், அச்சினத்தைச் செயலாக மாற்றவும் படிப்படியாகப் பழகி வந்துள்ளனர்.

2013 பிப்ரவரியில், விடுதலைப்புலிகள் இயக்கத் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனின் இறுதி நேரப் படங்கள் பிரித்தானிய ஊடகங்களில் வெளியாயின. அவை கைப்பேசிகள் வழியே கல்லூரி விடுதிகளை எட்டின. மார்ச் 8 அன்று இலயோலாக் கல்லூரி மாணவர் சிலர் சென்னையில் தொடங்கிய உண்ணாநிலைப் போராட்டம் ஒரு சில நாள்களில் மாநிலம் முழுவதும் பரவியது. அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது; விடுதிகள் காலியாயின; போராட்டம் தளர்ந்தது. கல்லூரிகளை மூடுதல் என்பது 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போதே அரசு கையாண்ட வழிமுறை. மாணவர் அமைப்பின் முடிச்சு கல்லூரியிலும் விடுதியிலும் இருந்தவரை அம்முடிச்சை அவிழ்த்தாலே போதுமானதாயிற்று. 2017இல் பல கல்லூரிகள் விடுமுறை அறிவித்தபோது விளைந்ததோ நேர்மாறானது. விடுமுறை பெற்ற மாணவர்கள் ஊருக்குத் திரும்பாமல் கடற்கரைக்கு வந்தனர். ஊருக்குத் திரும்பியோர் அங்கேயே திடல்களில் கூடினர். இணைப்பு கல்லூரியைக் கடந்து கைப்பேசிக்குள் குடிபெயர்ந்துவிட்டதை அரசு அப்போதுதான் உணர்ந்தது எனலாம்.

இரண்டாவது பயிற்சிக்களம் 2015 டிசம்பர்ப் பெருவெள்ளம். சென்னை நகரம் நீரில் மூழ்கிய அந்நாள்களில் உணவு, படகு, மருந்து, தங்குமிடம் ஆகியவை பற்றிய தகவல்களைத் திரட்டுவது, சரிபார்ப்பது, உரியவருக்குச் சேர்ப்பது என்னும் பணிகளை இளைஞர்கள் ட்விட்டர், முகநூல், வாட்ஸ்அப் வழியே தாமாகவே மேற்கொண்டனர். யார் தலைவர் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. மெரினாவில் உணவுப் பொட்டலங்களும் குடிநீரும் வந்து சேர்ந்த ஒழுங்கைக் கண்டு வியந்தோர் பலர். அவ்வொழுங்கு வெள்ளக் காலத்தில் கற்றது. அதே வெள்ளத்தில் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நகரத்து இளைஞரும் குப்பத்து மீனவரும் ஒரே பணியில் கைகோத்த முதல் நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது கூறு பொருளியல் சார்ந்தது. ஆய்வுகளில் போதிய கவனம் பெறாதது. 2011 செப்டம்பர் முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கி வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் கட்டணமில்லா இணையச் சேவையுடன் சந்தைக்கு வந்தது. அச்சலுகை பின்னர் 2017 மார்ச் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. அளவிட்டுச் செலவழிக்க வேண்டிய பொருளாக இருந்த இணையத் தரவு, சனவரி 2017இல் எண்ணற்ற மாணவர்களுக்குச் செலவின்றிக் கிடைத்தது. ஒரு மணி நேர நேரலையைக் காண்பதற்கோ ஒளிபரப்புவதற்கோ கணக்குப் பார்க்க வேண்டியிராத நிலை தமிழகச் சிற்றூர் மாணவருக்கு வாய்த்தது அதுவே முதன்முறை. கருத்தியலை மட்டும் முன்வைத்து மெரினாவை விளக்க முயல்வோர் இந்த ஆறு மாத இலவசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றோடு அந்நாளைய மனநிலையும் சேர்ந்தது. 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த நாள்களில் மக்களுக்கு அதிகாரபூர்வத் தகவல் அரிதாகவே கிடைத்தது, வதந்தியே செய்தியாயிற்று. நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம். டிசம்பர் 12 அன்று வர்தா புயல். பருவமழை பொய்த்துக் காவிரிப் படுகையில் உழவர்கள் மாண்டனர். 2017 சனவரி 10 அன்று மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் இளைஞர்களின் திரைகளில் மீம்களாகவும் காணொளிகளாகவும் சினமாகவும் ஓடிக்கொண்டிருந்தன. அச்சினத்திற்குக் கொள்கலனாக அமைந்தது சல்லிக்கட்டு.

காளை குறியீடான விதம்

சட்டப் போக்கைச் சுருங்கக் கூறலாம். 2011 சூலையில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிப்படுத்தத் தடைசெய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்து, தமிழ்நாடு அரசின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் செல்லாததாக்கியது. 2016 சனவரியில் நடுவண் அரசு அளித்த விலக்கு சில நாள்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. 2017 பொங்கலுக்கு முன் தீர்ப்பளிக்க வேண்டும் என்ற வேண்டுகோளையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்வாண்டுகளில் சல்லிக்கட்டு இணையத்தில் வேறொரு பொருளாக வளர்ந்தது. 2016இல் வெளியான ஹிப்ஹாப் தமிழாவின் 'டக்கரு டக்கரு' பாடல் காணொளி அதை நகர இளைஞரிடம் கொண்டு சேர்த்தது. நாட்டு மாட்டினங்களின் அழிவு, பாலின் தன்மை, பன்னாட்டு நிறுவனங்களின் சூழ்ச்சி, 'பீட்டா' அமைப்பின் உள்நோக்கம் எனப் பலதரப்பட்ட வாதங்கள் ஒரே மூச்சில் பகிரப்பட்டன. இவற்றுள் காங்கேயம் முதலான இனங்களின் எண்ணிக்கை குறைவு பற்றியவை போன்ற உண்மைக் கவலைகளும் இருந்தன. சான்றற்ற கூற்றுகளும் இருந்தன. இரண்டும் ஒரே வேகத்தில் பரவின.

இலக்கியச் சான்றுகளுக்கும் இதே கதி நேர்ந்தது. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலைப் பாடுவது தமிழ் பயின்றோர் அறிந்ததே. ஆனால் ஆயர் மகளிரை மணத்தல் பொருட்டு நிகழ்ந்த முல்லைநில வழக்கத்திற்கும், வாடிவாசல் வழியே காளையை விடும் இன்றைய சல்லிக்கட்டிற்கும், மஞ்சுவிரட்டு, வடமாடு போன்ற வட்டார வகைகளுக்கும் இடையே உள்ள தொடர்ச்சியும் வேறுபாடும் தனித்து ஆராயப்பட வேண்டியவை. பகிர்வுப் படங்களில் அவை அனைத்தும் ஒரே வரியில் 'ஐயாயிரம் ஆண்டுப் பண்பாடு' ஆயின. சல்லிக்கட்டுக் களத்தில் நிலவும் சாதிப் படிநிலை குறித்துத் தலித் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் எழுப்பிய வினாக்கள் இவ்வலையில் அமுங்கிப்போயின. தமிழ்த்துறையினர் அந்நாள்களில் இவை பற்றிப் பெரும்பாலும் வாய்திறவாதிருந்தது நல்லதொரு வாய்ப்பை இழந்ததேயாகும்.

அலங்காநல்லூரிலிருந்து கடற்கரைக்கு

சனவரி 8 அன்று மெரினாவில் இளைஞர் பேரணி ஒன்று முகநூல் அழைப்பின் பேரில் நடந்தது. ஆயினும் எழுச்சியின் உடனடிக் காரணம் சென்னையில் தோன்றவில்லை. காணும் பொங்கலன்று, அதாவது சனவரி 16இல், மதுரை மாவட்டம் அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறக்கக் கோரி ஊர்மக்களும் வெளியூர் இளைஞர்களும் இரவு முழுவதும் அமர்ந்திருந்தனர். மறுநாள் விடியலில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்துச் சென்றது. அக்காட்சிகள் காலைக்குள் கைப்பேசிகளை எட்டின. சென்னை இளைஞர் சிலர் விவேகானந்தர் இல்லத்தின் எதிரே கூடினர். அலங்காநல்லூரில் பிடிக்கப்பட்டோரை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. மாலைக்குள் நூறுகள் ஆயிரங்களாயின. அடுத்தடுத்த நாள்களில் இலட்சக்கணக்கானோர் வந்து சென்றனர். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவன ஊழியர்கள் பணி முடித்துக் கடற்கரைக்கு வந்து இரவில் தங்கினர். மதுரை தமுக்கம், கோவை வ.உ.சி. திடல் எனப் பிற நகரங்களிலும் இதே அமைப்பு உருவாயிற்று.

கட்சிக் கொடிகளுக்கும் தலைவர்களுக்கும் அங்கு இடமில்லை. இதனை எழுச்சியின் தூய்மைக்குச் சான்றாகக் கொண்டாடுவது வழக்கம். 1965உடன் ஒப்பிட்டால் இதன் மறுபக்கம் புலப்படும். 1965இல் மாணவர்களுக்கு இந்தி எதிர்ப்பு நடவடிக்கைக் குழு இருந்தது. கல்லூரி மன்றங்கள் இருந்தன. பேச்சு நடத்தவும், போராட்டத்தை நிறுத்தி வைக்கவும், மீண்டும் தொடங்கவும் அதிகாரம் கொண்ட பெயர்கள் இருந்தன. அவர்கள் எடுத்த முடிவுகள் சரியா தவறா என்பது வேறு. முடிவெடுக்கும் இடம் என ஒன்று இருந்தது. மெரினாவில் அது இல்லை. அமைச்சர்கள் தொடக்கத்திலேயே இளைஞர் சிலரை அழைத்துப் பேசினர். அவர்கள் கூறியதை ஏற்கவேண்டிய கடப்பாடு மணலில் அமர்ந்திருந்த எவருக்கும் இருக்கவில்லை. பேச்சாளர் இல்லாத இடத்தைத் திரைத்துறையினரும் இசைக்கலைஞரும் நிரப்பினர். சனவரி 22 அன்று ஹிப்ஹாப் தமிழா ஆதி, போராட்டத்தில் வேறு நோக்கமுடையோர் கலந்துவிட்டதாகக் கூறி விலகினார். அக்காணொளியும் அதே வேகத்தில் பரவியது. கூட்டத்தைக் கூட்டிய கருவியே அதைப் பிளக்கவும் பயன்பட்டது.

திடலைத் தாங்கியவை

ஆறு நாள், ஆறு இரவு. இலட்சக்கணக்கானோர் கூடிய இடத்தில் குடிநீர், உணவு, கழிப்பறை, உறக்கம், குப்பை ஆகிய ஐந்தும் தீர்க்கப்பட வேண்டியவை. இவற்றைக் கவனியாமல் மெரினாவை விளங்கிக்கொள்ள இயலாது. உணவும் நீரும் நகரத்தின் பல பகுதிகளிலிருந்து வந்தன. அவற்றிற்கான வேண்டுகோள்கள் இணையத்தில் சென்றன. இளைஞர்களே குப்பையை அகற்றினர். ஆயினும் இரவு பகலாகக் கடற்கரையிலேயே தங்கிய பெண்களுக்கு வேண்டிய கழிப்பறை வசதியை எந்த ஹேஷ்டேக்கும் தர இயலாது. அருகிலிருந்த குப்பத்து வீடுகள் அதற்காகத் திறந்துவிடப்பட்டன. இரவுகளில் பெண்கள் அச்சமின்றி அக்கடற்கரையில் தங்க முடிந்ததற்குக் கூட்டத்தின் ஒழுக்கம் மட்டுமன்றி, அக்கரையைத் தம் முற்றமாகக் கொண்ட மக்களின் இருப்பும் காரணம்.

பெருங்கூட்டத்தின் நடுவே கைப்பேசி இணைப்பு தடுமாறியது என்பதும் குறிக்கத்தக்கது. திடலுக்கு வெளியே இருந்தோர்க்கு மெரினா நேரலையாகத் தெரிந்தது. திடலுக்குள் இருந்தோரோ பழைய முறைகளிலேயே பேசிக்கொண்டனர். சிறு சிறு வட்டங்கள், கையால் எழுதிய அட்டைகள், பறை, முழக்கம், நையாண்டி. முதலமைச்சர் பன்னீர்செல்வம், சசிகலா, பிரதமர் மோடி ஆகியோரைக் குறிவைத்த முழக்கங்கள் அங்கேயே இட்டுக்கட்டப்பட்டு வட்டத்திற்கு வட்டம் தாவின. காவிரி, உழவர் சாவு, நீட் தேர்வு எனப் பேச்சு விரிந்ததும் இவ்வட்டங்களில்தான். சல்லிக்கட்டுக்காக வந்தவர் வேறு பல பொருள்களைக் கேட்டுத் திரும்பினார்.

அக்கடற்கரை வெற்று வெளியன்று. தேசிய இயக்கக் காலத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரை சென்னையின் முதன்மைப் பொதுக்கூட்டக் களமாக விளங்கியது. திலகர் திடல் என்னும் பெயர் அதன் எச்சம். பல்கலைக்கழகமும் காவல்துறைத் தலைமை அலுவலகமும் அச்சாலையிலேயே உள்ளன. அண்ணா, எம்.ஜி.ஆர். நினைவிடங்களின் அருகே ஜெயலலிதா அடக்கம் செய்யப்பட்டு அப்போது ஆறு வாரமே ஆகியிருந்தது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது மீனவர் குடியிருப்பு. நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம் ஆகியவற்றின் மக்களுக்கு அம்மணல் கட்டுமரம் நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம். 1985இல் கடற்கரையை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தபோது எழுந்த எதிர்ப்பில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இக்குப்பங்கள் வீடும் உயிரும் இழந்தன. 2017இல் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மக்கள், தம் மண்ணில் காவல்துறையின் நடமாட்டம் என்ன பொருள்படும் என்பதை முன்னரே அறிந்தவர்கள்.

சனவரி 23

சனவரி 19 அன்று முதலமைச்சர் தில்லியில் பிரதமரைச் சந்தித்தார். 21 அன்று ஆளுநர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். 22 அன்று அலங்காநல்லூரில் சல்லிக்கட்டைத் தொடங்கி வைக்கச் சென்ற முதலமைச்சர், ஊர்மக்களின் எதிர்ப்பால் மதுரையிலிருந்தே திரும்பினார். நிரந்தரச் சட்டமே வேண்டும் என்பது ஊரின் நிலைப்பாடு. மெரினாவின் நிலைப்பாடும் அதுவே. மறுநாள் சட்டமன்றம் கூடவிருந்தது. அவசரச் சட்டத்திற்கும் சட்டத்திற்கும் உள்ள உறவு என்ன, முன்னது ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடுமா என்ற ஐயங்கள் இணையத்தில் சுழன்றன. ஐயத்தை எழுப்புவதில் சமூக ஊடகத்திற்கு இருந்த ஆற்றல் அதைத் தீர்ப்பதில் இல்லை. கலைந்து செல்லலாமா என்பதைத் தீர்மானிக்கும் அவையும் திடலில் இல்லை.

23 காலையில் காவல்துறை திடலைச் சூழ்ந்தது. குடியரசு நாள் அணிவகுப்பு ஏற்பாடுகள் முன்னிறுத்தப்பட்டன. கலைய மறுத்தோர் கடலை நோக்கி நகர்ந்து கைகோத்து நின்றனர். சாலைப் பக்கம் அடைக்கப்பட்டிருந்தபோது அவர்களை எட்டிய உதவி மீனவரிடமிருந்து கிடைத்ததே. தடியடிக்குத் தப்பி ஓடியவர்கள் குப்பத்துத் தெருக்களுக்குள் புகுந்தனர். அங்கு அவர்களுக்கு நீரும் மறைவிடமும் கிடைத்தன. நண்பகலுக்குள் ஐஸ்அவுஸ் காவல் நிலையத்தில் தீ வைக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. காவல்துறை குப்பங்களுக்குள் நுழைந்தது. வீடுகள் தாக்கப்பட்டன, பெண்களும் முதியோரும் அடிபட்டனர், ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். நடுக்குப்பத்தின் மீன் அங்காடி எரிந்தது. எரித்தது காவல்துறையே என அங்குள்ள மீன்விற்கும் பெண்கள் குற்றம்சாட்டினர். காவலர் சீருடையில் இருந்தோர் வாகனங்களுக்குத் தீ வைப்பதைக் காட்டும் காணொளிகள் அன்று மாலையே பரவின.

அன்று மாலை, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கடலோரத்தில் எஞ்சி நின்ற இளைஞர்களிடம் சட்டத்தின் உள்ளடக்கத்தை ஓய்வுபெற்ற நீதிபதி அரி பரந்தாமன் நேரில் விளக்கினார். அவர்கள் கலைந்தனர். சட்டம் அறிந்த, நம்பிக்கைக்குரிய ஒருவர் நேரில் வந்து பேசினால் கலையக்கூடிய கூட்டமாகவே அது இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முந்தைய நாள் மாலையே இதனைச் செய்திருக்க முடியும். அரசு அதை முயலாததும், திடலுக்குள் அத்தகைய ஒருவரை அழைக்கும் பொறிமுறை இல்லாததும் சேர்ந்தே காலை நிகழ்ந்தவற்றுக்கு இடமளித்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது என்பதும் கூறப்பட வேண்டும். படையும் ஆணையும் அரசின் கையில் இருந்தன.

சட்டமன்றத்தில் முதலமைச்சர் அளித்த விளக்கம், போராட்டத்திற்குள் சமூக விரோதிகளும் தேச விரோதிகளும் ஊடுருவியதாகக் கூறியது. இச்சொற்களின் செயற்பாடு நுட்பமாக நோக்கத்தக்கது. 'மாணவர்' என்ற சொல் மரியாதைக்குரியதாகவே விடப்பட்டது. 'சமூக விரோதி' என்ற சொல் அவர்களுக்கு அருகே நின்றவர்கள் மீது விழுந்தது. இளைஞர்களின் இணையப் பதிவுகளும் தம்மையறியாமல் இப்பிரிவினைக்குத் துணைபோயின. 'அமைதியாகப் போராடிய படித்த இளைஞர்கள்' என்னும் பெருமிதம் முழங்குந்தோறும், படிக்காதவர், குப்பத்தவர், அமைதி குலைத்தவர் என்னும் மறுதலை அதன் நிழலாக உருவாயிற்று.

அரசு கற்ற பாடம்

நிகழ்ச்சிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். இராசேசுவரன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. சட்டத்திற்குச் சனவரி இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதன் செல்லுபடித்தன்மையை உறுதிசெய்தது. ஒரு வாரப் போராட்டம் சட்டத்தையே மாற்றியது என்ற வகையில் இது அரிய வெற்றி.

வெற்றியின் விலையாக மெரினா பூட்டப்பட்டது. 2017 சனவரி இறுதியிலேயே அங்கு கூடுவதற்குத் தடையாணை வந்தது. அவ்வாண்டு மே மாதம் ஈழத்தில் மாண்டோர்க்கு அங்கு நினைவேந்த முயன்ற மே பதினேழு இயக்க ஒருங்கிணைப்பாளர் திருமுருகன் காந்தி உள்ளிட்டோர் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டனர். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. 2018இல் காவிரிக்காக மெரினாவில் ஒருநாள் உண்ணாநிலைக்கு உழவர் தலைவர் அய்யாக்கண்ணு பெற்ற அனுமதியை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு நிலைக்கவிடவில்லை. நூறாண்டுக் காலப் பொதுக்கூட்டக் களம் ஒன்று இவ்வாறு முடிவுக்கு வந்தது.

இணையத்தைப் பொறுத்தவரை மாற்றம் இதனினும் ஆழமானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, ஒரு பதிவுக்காக ஒருவரைச் சிறைப்பிடிக்கும் எளிய வழி அரசுகளுக்கு அடைபட்டது. பதிவரைத் தொடுவதைவிட இணைப்பைத் துண்டிப்பது எளிது என்பது அடுத்துக் கண்டறியப்பட்டது. 2017 ஆகஸ்டில் நடுவண் அரசு தொலைத்தொடர்புச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான விதிகளை வகுத்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாள்களுக்கு இணையச் சேவையை நிறுத்தத் தமிழக அரசு ஆணையிட்டது. சமூக ஊடகம் வழியே மக்கள் திரட்டப்படுவது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மெரினாவில் தெருவிளக்கை அணைத்த அரசு, பதினாறு மாதங்களில் எந்த விளக்கை அணைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டிருந்தது.

சான்றுகளின் சாய்வு

மெரினா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ட்விட்டர் ஹேஷ்டேக்குகளையும் முகநூல் பதிவுகளையும் மூலச் சான்றுகளாகக் கொள்கின்றன. இவை எளிதில் எண்ணத்தக்கவை. எண்ணத்தக்கது என்பதாலேயே முதன்மை பெற்றுவிட்டன. முன்னணி ஹேஷ்டேக்குகள் பல ஆங்கில எழுத்தில் அமைந்தவை. அவற்றைப் பயன்படுத்தியோர் எத்தகையோர் என்பதை ஊகிப்பது கடினமன்று. உண்மையில் மிகுதியாகத் தகவல் சென்ற வாட்ஸ்அப்போ மூடிய வெளி. பழைய கைப்பேசிகள் கழிந்தபோது அதன் உரையாடல்களும் அழிந்தன. முகநூலின் மீம்ஸ் பக்கங்கள் சில பெயர் மாறின, சில மறைந்தன. 1965க்குத் துண்டறிக்கையும் நாளிதழும் காவல் குறிப்பும் உள்ளன. அரை நூற்றாண்டுக்குப் பிந்திய நிகழ்ச்சிக்கு அந்த அளவிற்குக்கூட முறையான ஆவணக்களம் அமையவில்லை.

இதனினும் பெரிய குறை, இணையத்தில் எழுதாதவர் சான்றிலிருந்தே விலகிவிடுவது. நடுக்குப்பத்தில் மீன் விற்கும் பெண் முகநூலில் எழுதவில்லை. அவர் கூற்று உண்மையறியும் குழுக்களின் அறிக்கைகளிலும், ஆணையத்தின் முன் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களிலும், அந்நாளைய தொலைக்காட்சிப் பேட்டிகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஆணைய ஆவணங்கள் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் ஆய்வாளர் அணுகும் வகையில் வைக்கப்பட வேண்டியது இன்றியமையாதது. வாய்மொழி வரலாற்று முறையில் இக்குப்பங்களில் களப்பணி மேற்கொள்ளத் தொலைவு ஒரு தடையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் அவை உள்ளன.

2021 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி, சல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகள் திரும்பப் பெறப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். காவலரைத் தாக்கியது, தீ வைத்தது தொடர்பான வழக்குகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. சென்னையைப் பொறுத்தவரை அவ்விரு குற்றச்சாட்டுகளும் சனவரி 23க்கு உரியவை. அவ்விலக்கின்கீழ் வந்த வழக்குகள் எத்தனை, அவற்றுள் குப்பத்தவர்மீது தொடுக்கப்பட்டவை எத்தனை, அவை எவ்வாறு முடிந்தன என்பவை நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கப்பட வேண்டியவை.